பிறந்த தேதி கேட்கும் பெட்டி: ரோப்லாக்ஸ் தடைகளுக்குப் பின்னால்

2024 ஆகஸ்ட் 7 அன்று துருக்கியில் ரோப்லாக்ஸ் நின்றுபோனது. அதானா நகரத்து நீதிமன்றம் ஒன்றின் உத்தரவு. குழந்தைகளைச் சீரழிக்க வழிவிடும் உள்ளடக்கம் அதில் இருக்கிறது என்பது சொல்லப்பட்ட காரணம். அடுத்த வருஷம் ஆகஸ்டில் கத்தாரும் குவைத்தும் தடை செய்தன. அக்டோபரில் ஈராக். டிசம்பர் 3 அன்று ரஷ்யா. இதற்கு நடுவே அமெரிக்காவில் லூசியானா, கென்டக்கி, டெக்சாஸ் என்று மாநில அட்டர்னி ஜெனரல்கள் ஒருவர் பின் ஒருவராக அந்த நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள்.

என் அக்கா குடும்பம் தோஹாவில் இருக்கிறது. தடை வந்த வாரம் போனில், "இது நிஜமாவே அவ்வளவு மோசமாடா, இல்ல சும்மா பயமுறுத்தறாங்களா?" என்று கேட்டாள். அதற்குப் பதில் தேடி எடுத்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. நான் குழந்தை மனநல நிபுணர் இல்லை, வக்கீலும் இல்லை. இருபது வருஷமாக சாஃப்ட்வேர் எழுதுகிறவன். அதனால் இந்தச் சர்ச்சையை ஒரு சிஸ்டத்தில் எந்த இடம் ஓட்டை என்று பார்க்கிற கண்ணோடுதான் பார்த்தேன். பார்த்தவரை, எல்லாம் ஒரு சின்னப் பெட்டியில் போய் நிற்கிறது. அக்கவுண்ட் தொடங்கும்போது "உங்கள் பிறந்த தேதி?" என்று கேட்கிறார்களே, அந்தப் பெட்டி.

முதலில், ரோப்லாக்ஸ் என்றால் என்ன?

பல பெற்றோர் இதை ஒரு கேம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. யூடியூப் எப்படி ஒரு வீடியோ இல்லையோ, அது மாதிரிதான் இதுவும். டேவிட் பசூக்கி, எரிக் காசெல் என்ற இரண்டு எஞ்சினியர்கள் கலிஃபோர்னியாவில் தொடங்கி, 2006-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட தளம் இது. உள்ளே இருக்கும் லட்சக்கணக்கான ஆட்டங்களை எழுதியவர்கள் பெரும்பாலும் ஆடுபவர்களே. ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருள் கொடுக்கிறார்கள். லுவா மொழியில் இருந்து வந்த ஒரு மொழியில் கோட் எழுதலாம். பத்தாம் வகுப்புப் பையன் எழுதிய ஆட்டத்தை அடுத்த வாரம் பத்து லட்சம் பேர் ஆடலாம்.

2025 மூன்றாம் காலாண்டில் ஒரு நாளைக்குச் சராசரியாக 15 கோடிப் பேர் உள்ளே வந்ததாக நிறுவனத்தின் கணக்கு. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் 13 வயதுக்குக் கீழே என்று அவர்களே சொல்லிவந்தார்கள். இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். அந்தப் பெட்டியில் இருந்துதான். எட்டு வயதுக் குழந்தை 2001 என்று போட்டிருந்தால் அது பெரியவர் கணக்கில் சேர்ந்துவிடும். நாற்பது வயது ஆள் 2014 என்று போட்டால் அவர் குழந்தை.

இதற்கு முன்னால் இரண்டு பேர்

குழந்தைகளையும் முன்பின் தெரியாதவர்களையும் ஒரே இடத்தில் பேசவிட்டால் என்ன ஆகும் என்பது புதிய கேள்வி இல்லை. ரோப்லாக்ஸுக்கு முன்னால் இரண்டு தளங்கள் இரண்டு விடைகளை முயன்று பார்த்தன.

ஒன்று கனடாவில் 2005-ல் தொடங்கிய கிளப் பெங்குவின். அங்கே பெற்றோர் விரும்பினால் ஒரு கட்டுப்பாட்டைப் போடலாம்: குழந்தை தானாக எதையும் தட்டச்சு செய்ய முடியாது, முன்பே எழுதி வைத்த வாக்கியங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் பேச முடியும். "வணக்கம்", "என்னோடு விளையாட வா", அவ்வளவுதான். போன் நம்பர் கேட்கவே வழியில்லை, ஏனென்றால் அந்த வாக்கியம் பட்டியலில் கிடையாது. டிஸ்னி 2007-ல் அதை வாங்கியது, 2017-ல் மூடியது.

இன்னொன்று ஃபின்லாந்தின் ஹப்போ ஹோட்டல். 2012 ஜூனில் பிரிட்டனின் சேனல் 4 செய்திப் பிரிவு, அதற்குள் குழந்தையாகப் போனால் என்னென்ன பேச்சு வருகிறது என்று அம்பலப்படுத்தியது. நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? உலகம் முழுக்க சாட்டையே அணைத்துவிட்டது. எல்லோருக்கும், ஒரே நேரத்தில். முதலீட்டாளர்கள் விலகினார்கள், கடைகள் அதன் கார்டுகளை அலமாரியில் இருந்து எடுத்தன. சாட் பிறகு திரும்பி வந்தாலும் அந்தத் தளம் பழைய உயரத்துக்கு வரவில்லை.

இதில் இருந்து இந்தத் தொழில் கற்ற பாடம் என்னன்னா, பேச்சை நிறுத்தினால் குழந்தைக்குப் பாதுகாப்பு, ஆனால் கூட்டம் போய்விடும். கூட்டம் போனால் வியாபாரம் இல்லை.

ஃபில்டர் எங்கே தோற்கிறது

ரோப்லாக்ஸ் எடுத்தது நடுவழி. சாட் இருக்கும், ஃபில்டரும் இருக்கும். கெட்ட வார்த்தை, போன் நம்பர், முகவரி மாதிரி எதையாவது அடித்தால் திரையில் வெறும் #### என்று வரும். சாட்டில் படம் அனுப்ப முடியாது. காகிதத்தில் பார்த்தால் நல்ல ஏற்பாடு.

ஆனால் இப்படி ஒரு ஃபில்டரை எழுதிப் பார்த்த யாருக்கும் அதன் எல்லை தெரியும். சொற்களைத்தான் அது பார்க்கும்; நோக்கத்தைப் பார்ப்பது மிகக் கடினம். "உன் வயசு என்ன, அம்மா வீட்ல இருக்காங்களா?" என்பதில் ஒரு கெட்ட வார்த்தையும் இல்லை. எண்ணைத் தடுத்தால் எழுத்தில் எழுதுவார்கள், எழுத்தைத் தடுத்தால் நடுவில் புள்ளி வைப்பார்கள். இந்த ஓட்டப்பந்தயத்தில் ஃபில்டர் எப்போதும் ஓரடி பின்னால்தான்.

அதைவிட முக்கியமானது, குற்றம் செய்ய வருகிறவனுக்கு ரோப்லாக்ஸ் சாட்டே பெரிதாகத் தேவையில்லை. வழக்குகளில் திரும்பத் திரும்ப வரும் குற்றச்சாட்டின் வரிசை இதுதான்: தன்னையும் சின்னப் பையன் என்று சொல்லி ஆட்டத்தில் நட்பு பிடிக்கிறான், ரோபக்ஸ் பரிசு கொடுக்கிறான், பிறகு "டிஸ்கார்டுக்கு வா", "ஸ்னாப்சாட்டுக்கு வா" என்று வெளியே கூட்டிப் போகிறான். அங்கே படம் அனுப்பலாம், இந்த ஃபில்டரும் கிடையாது. ரோப்லாக்ஸ் என்பது அறிமுகமாகும் இடம் மட்டும். ரோப்லாக்ஸ் மூலம் பழக்கமான குழந்தைகளைக் கடத்தியதாகவோ துன்புறுத்தியதாகவோ 2018-க்குப் பிறகு அமெரிக்காவில் குறைந்தது இரண்டு டஜன் பேர் கைதானதாக 2024 ஜூலையில் ப்ளூம்பெர்க் பிசினஸ்வீக் எழுதியது. 15 கோடிக்கு முன்னால் இது சின்ன எண் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் கைது வரை போனவை மட்டும்தான் அந்த எண்ணில் இருக்கின்றன.

2025 ஆகஸ்டில் இன்னொரு கூத்து. ஷ்லெப் என்ற பெயரில் இயங்கும் யூடியூபர் ஒருவர், குழந்தை மாதிரி நடித்து இப்படிப்பட்ட ஆட்களைப் பிடித்துப் போலீசிடம் கொடுத்துவந்தார். நிறுவனம் அவர் அக்கவுண்ட்டை முடக்கி, வக்கீல் கடிதமும் அனுப்பியது. அவர்கள் சொன்ன காரணத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது: தானாகக் கிளம்பும் காவலர்களும் குழந்தை வேஷம் போட்டு, பேச்சைத் தளத்துக்கு வெளியே கொண்டுபோகிறார்கள், சிஸ்டத்துக்கு இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். இருந்தாலும் வேட்டைக்காரனை விட்டுவிட்டுக் காட்டிக் கொடுத்தவனைத் தண்டித்ததாகத்தான் வெளியே தெரிந்தது. பயனர்களின் கோபம் வெடித்ததும் லூசியானா மாநிலம் வழக்குப் போட்டதும் அதே மாதத்தில்தான்.

ரோபக்ஸ் கணக்கு

பாலியல் குற்றங்கள்தான் தலைப்புச் செய்தி ஆகின்றன. பணத்தைப் பற்றிய சர்ச்சை அதற்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

மொபைலில் 400 ரோபக்ஸ் வாங்க 4.99 டாலர். அதை ஒரு குழந்தை, இன்னொரு பையன் எழுதிய ஆட்டத்தில் ஒரு பாஸ் வாங்கச் செலவழிக்கிறது. தளத்தின் பங்கு 30 சதவீதம் போக, எழுதியவனுக்கு 280 ரோபக்ஸ். அவன் அதை நிஜப் பணமாக மாற்றும்போது வாங்கிய விலை கிடைக்காது, அதற்கு வேறு விலை. பல வருஷமாக ஒரு ரோபக்ஸுக்கு 0.0035 டாலர், 2025 செப்டம்பரில் 0.0038 ஆக்கினார்கள். 280-ஐப் பெருக்கினால் ஒரு டாலர் சொச்சம். வாங்கியவன் கொடுத்தது ஐந்து டாலர், எழுதியவன் கையில் ஒன்று.

மாற்றுவதற்குக் குறைந்தபட்சத் தொகையும் உண்டு. 2021-ல் அது ஒரு லட்சம் ரோபக்ஸ். அதாவது சில ஆயிரம் ரோபக்ஸ் சம்பாதித்த சிறுவனுக்கு அதைத் தளத்துக்குள்ளேயே செலவழிப்பதைத் தவிர வழியில்லை. அந்த வருஷம் பீப்பிள் மேக் கேம்ஸ் என்ற யூடியூப் சேனல் இதைக் குழந்தை உழைப்புச் சுரண்டல் என்றே கேள்வி கேட்டது. பிறகு வரம்பு 30,000 ஆகக் குறைந்தது. ஆப் ஸ்டோர் கட்டணம், சர்வர், கண்காணிப்புச் செலவு எல்லாம் அந்த நான்கு டாலரில்தான் வருகிறது என்பது நிறுவனத்தின் பதில். அது பொய்யில்லை. ஆனால் பதின்மூன்று வயதுப் பையனோடு போடும் வியாபாரத்தில் இந்த விகிதத்தை யார் பேரம் பேசி முடிவு செய்தார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

13 என்ற எண் எங்கிருந்து வந்தது?

இப்போது பெட்டிக்கு வருவோம். ஏன் எல்லா ஆப்பும் 13 வயது என்று சொல்கிறது? 1998-ல் அமெரிக்கா கோப்பா என்ற சட்டம் போட்டது, 2000 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. 13 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் தகவலைத் திரட்டும் முன் பெற்றோரின் சம்மதம் வாங்க வேண்டும் என்கிறது. யாருக்குப் பொருந்தும்? குழந்தைகளை நோக்கி நடத்தும் தளங்களுக்கு. மற்ற தளங்களுக்கு, "இவர் குழந்தை" என்று நிஜமாகத் தெரிந்திருந்தால் மட்டும்.

அந்தக் கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். தெரிந்திருந்தால் பொறுப்பு, தெரியாவிட்டால் இல்லை. அப்படியென்றால் புத்திசாலி நிறுவனம் என்ன செய்யும்? தெரிந்துகொள்ளாமல் இருக்கும். பிறந்த தேதி கேட்கும், சரிபார்க்காது. குழந்தை பொய் சொல்லும், எல்லோருக்கும் நிம்மதி. இருபது வருஷத்துக்கு மேலாக இணையம் இப்படித்தான் ஓடியது. எப்போதாவது மாட்டினால் அபராதம்: 2019-ல் யூடியூபுக்கு 17 கோடி டாலர், 2022-ல் ஃபோர்ட்நைட் தயாரிக்கும் எபிக் கேம்ஸுக்கு இந்தச் சட்டத்தின் கீழ் மட்டும் 27.5 கோடி டாலர்.

ஒரு விஷயத்தில் ரோப்லாக்ஸைப் பாராட்டத்தான் வேண்டும். எங்களிடம் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று அவர்கள் மறைக்கவில்லை. ஆனால் யார் குழந்தை, யார் பெரியவர் என்று பிரிக்க அவர்களும் அதே பெட்டியைத்தான் நம்பினார்கள். 13-க்குக் கீழே கடுமையான ஃபில்டர், பெற்றோர் கட்டுப்பாடு, தனிச் செய்திக்குத் தடை என்று பின்னால் கட்டிய ஒவ்வொரு சுவரும் அந்தப் பெட்டியின் மேல்தான் நின்றது. எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பாலபாடம் உண்டு: பயனர் தட்டிய தகவலைச் சரிபார்க்காமல் பாதுகாப்புக்குப் பயன்படுத்தாதே.

தடை: ஒரே சொல், வெவ்வேறு காரணங்கள்

தடை செய்த நாடுகளை ஒரே பட்டியலில் போடுவது வசதி. கொஞ்சம் கிட்டே போனால் பட்டியல் பிரிகிறது. துருக்கியும் வளைகுடா நாடுகளும் ஈராக்கும் பேசியது குழந்தைப் பாதுகாப்பைப் பற்றி. ரஷ்யாவின் ரோஸ்கோம்னாட்சோர் தீவிரவாத உள்ளடக்கத்தோடு, "எல்ஜிபிடி பிரச்சாரம்" என்பதையும் காரணமாகக் காட்டியது. அங்கே குழந்தைப் பாதுகாப்பு என்ற சொல், அரசுக்குப் பிடிக்காத வேறு பல தளங்களை மூடவும் பயன்பட்டிருக்கிறது. சைபீரியாவின் தோம்ஸ்க் நகரத்தில் டிசம்பர் பனியில் சில டஜன் பேர் அட்டை பிடித்துக்கொண்டு இந்தத் தடையை எதிர்த்து நின்றார்கள். ஒரு கேமுக்காக!

சரி, தடை வேலை செய்கிறதா? தொழில்நுட்பமாகச் சொன்னால், நாட்டின் இணைய நிறுவனங்கள் அந்தப் பெயரையும் முகவரிகளையும் மறுக்கின்றன. விபிஎன் போட்டால் வேறு நாட்டில் இருந்து வருவது மாதிரி ஆகிவிடும். சின்னக் குழந்தைகளை இது உண்மையிலேயே தள்ளி வைக்கும், ஏனென்றால் அவர்களுக்கு விபிஎன் தெரியாது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பாதிப் பேருக்கு அண்ணன்மார் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அதன் பிறகு அந்தப் பையன் வீட்டுக்குத் தெரியாமல் ஆடுகிறான். உள்ளே யாராவது தொந்தரவு செய்தால் சொல்லவும் மாட்டான், சொன்னால் முதல் திட்டு அவனுக்குத்தான் என்று அவனுக்குத் தெரியும். அக்காவிடம் நான் சொன்ன பதிலும் இதுதான்: பயம் நியாயமானது, ஆனால் தடை வந்துவிட்டதால் வீட்டில் பேச வேண்டியதைப் பேசாமல் இருந்துவிடாதே.

இந்தியாவில் ரோப்லாக்ஸ் தடை செய்யப்படவில்லை. 2025-ல் வந்த ஆன்லைன் கேமிங் சட்டத்தைப் பலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அதன் குறி பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்கள். நமக்கு நேரடியாகத் தொடர்புள்ளது 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதில் குழந்தை என்றால் 18 வயதுக்குக் கீழே. சரிபார்க்கக்கூடிய பெற்றோர் சம்மதம் வேண்டும். விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். அதாவது நம் ஊர்ப் பெட்டியும் சீக்கிரம் மாறப்போகிறது.

முகத்தைக் காட்டு

எப்படி மாறும்? ரோப்லாக்ஸே காட்டிவிட்டது. 2025 டிசம்பரில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, நெதர்லாந்தில் தொடங்கி, 2026 ஜனவரியில் மற்ற நாடுகளுக்கும் ஒரு விதி: சாட் வேண்டுமென்றால் கேமராவுக்கு முகத்தைக் காட்டு. மென்பொருள் வயதை ஊகித்து, 9-க்குக் கீழே, 9 முதல் 12, 13 முதல் 15, 16-17, 18 முதல் 20, 21-க்கு மேல் என்று ஆறு குழுவில் ஒன்றில் போடும். சொந்தக் குழுவோடும் பக்கத்துக் குழுவோடும் மட்டும் பேசலாம். படத்தைச் சரிபார்த்ததும் அழித்துவிடுவோம் என்கிறார்கள்.

நாற்பது வயது ஆள் பத்து வயதுக் குழந்தையோடு பேச முடியாமல் செய்ய இதைவிட நேரடியான வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் இரண்டு விலை இருக்கிறது.

முதலாவது, ஊகம் ஊகம்தான். தாடி வளர்ந்த பதினைந்து வயதும் குழந்தை முகத்து இருபது வயதும் எல்லா ஊரிலும் உண்டு. போதாததற்கு, பெற்றோரே குழந்தைக்குப் பதிலாகத் தங்கள் முகத்தைக் காட்டிவிட்டதால் சில குழந்தைகளின் அக்கவுண்ட் 21-க்கு மேல் குழுவில் போய் விழுந்ததாக நிறுவனமே சொன்னது. பாதுகாக்க வேண்டிய குழந்தையை அம்மாவே பெரியவர்கள் அறைக்குள் தள்ளிவிட்ட கதை.

இரண்டாவது, முகமும் அடையாள அட்டையும் ஒரு இடத்தில் சேர ஆரம்பித்தால் என்றாவது கசியும். 2025 அக்டோபரில் டிஸ்கார்டுக்கு அதுதான் நடந்தது. வயதை நிரூபிக்க மக்கள் கொடுத்த அடையாள அட்டைப் படங்கள், வெளி நிறுவனம் ஒன்றின் வழியாக வெளியேறின. சுமார் 70,000 பேர் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று டிஸ்கார்டே சொன்னது. பாஸ்வேர்டு கசிந்தால் மாற்றலாம். முகத்தை எப்படி மாற்றுவது?

ஆக, நம் முன்னால் இருக்கும் தேர்வு இது. பெட்டியை நம்பினால் குழந்தைகள் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே அறையில். நம்பாவிட்டால் ஒவ்வொரு குழந்தையின் முகத்தையும் ஒரு நிறுவனத்திடம் காட்ட வேண்டும். இரண்டும் வேண்டாமென்றால் கிளப் பெங்குவின் மாதிரி வாயைக் கட்ட வேண்டும். என்னைக் கேட்டால், பத்து வயதுக்குக் கீழே அந்த மூன்றாவது வழியே போதும். அந்த வயதில் ஆட்டம்தான் முக்கியம், முன்பின் தெரியாதவர்களோடு அரட்டை இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. முகம் காட்டுவதைப் பெரிய பையன்களுக்கு, அதுவும் போனுக்குள்ளேயே வயதைக் கணித்துவிட்டுப் படத்தை வெளியே அனுப்பாத முறையில் செய்தால் ஏற்றுக்கொள்வேன்.

வீட்டில் செய்யக்கூடியவை

நாட்டுத் தடையும் நீதிமன்றமும் நம் கையில் இல்லை. இவை இருக்கின்றன:

1. பிள்ளையின் அக்கவுண்ட்டைத் திறந்து பிறந்த தேதியைப் பாருங்கள். தப்பாக இருந்தால் மற்ற எந்தக் கட்டுப்பாடும் ஒழுங்காக வேலை செய்யாது. திருத்துங்கள்.

2. உங்கள் பெயரில் ஒரு பெற்றோர் அக்கவுண்ட் தொடங்கி அதோடு இணையுங்கள். 2024 நவம்பரில் இருந்து இந்த வசதி இருக்கிறது. ஆடும் நேரம், மாதச் செலவு வரம்பு, நண்பர் பட்டியல் எல்லாவற்றையும் உங்கள் போனில் இருந்தே பார்க்கலாம்.

3. முகம் காட்டச் சொன்னால், காட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுங்கள். காட்டுவதென்றால் குழந்தையின் முகத்தையே காட்டுங்கள், உங்கள் முகத்தை அல்ல. காட்டாவிட்டால் சாட் கிடைக்காது, ஆட்டம் கிடைக்கும். சின்னப் பிள்ளைக்கு அது நல்ல பேரம்.

4. ஒரே ஒரு விதி மனப்பாடமாக இருக்கட்டும்: "வேற ஆப்புக்கு வா" என்று யார் கூப்பிட்டாலும், எவ்வளவு நல்ல நண்பனாக இருந்தாலும், வீட்டில் சொல்லிவிட வேண்டும். சொன்னால் ஆட்டத்தைப் பிடுங்க மாட்டோம் என்ற வாக்கையும் சேர்த்துக் கொடுங்கள். அந்த வாக்கு இல்லாவிட்டால் முதல் பாதி வேலை செய்யாது.

டெக்சாஸ் வழக்கு, லூசியானா வழக்கு இரண்டின் தீர்ப்பும் வரும்போது இந்தக் குறிப்புகளைப் புதுப்பிக்கிறேன். உங்கள் வீட்டில் வேறு ஏதாவது ஏற்பாடு வேலை செய்கிறதென்றால் எழுதுங்கள், சேர்த்துக்கொள்ளலாம்.